இடம் யாருக்கு? பழவேற்காட்டுப் பாடும் பேருந்துப் படியும்

பழவேற்காடு ஏரி பரந்து கிடந்தாலும் இறால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து, நீரோட்டம் வலுத்து ஓடும் சில இடங்களில் வலை கட்டினால்தான் கைநிறையக் கிடைக்கும். அந்த இடங்கள் குறைவு, வலைகள் அதிகம். முந்தியவருக்கே இடம் என்று விட்டிருந்தால் தினமும் தண்ணீரில் கைகலப்புதான் நடந்திருக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்து மீனவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் பாடு.

வலை கட்டும் இடங்களை வரையறுத்து, சீட்டுக் குலுக்கி, எந்தக் குழு எந்த முறையில் எந்த இடத்தில் சுத்து வலை கட்டலாம் என்று முடிவு செய்துகொள்வார்கள். இன்று நல்ல ஓட்டம் உள்ள இடம் கிடைத்தவர் அடுத்த முறை அதை வேறொருவருக்கு விட்டுக்கொடுப்பார். முறை வராதவர்கள் ஏரியின் மற்றப் பகுதிகளில் வேறு வலைகளோடு தொழில் பார்ப்பார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டு வலை வைக்கும் மீனவச் சங்கங்கள் இதுபோலச் சீட்டுப் போட்டே இடத்தைப் பகிர்கின்றன. இந்த முறையின் பெரிய பலம், வழக்கு கரையிலேயே தீர்ந்துவிடுவது. படகு நீரில் இறங்கிய பிறகு யாரும் யாரிடமும் இடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

அதே ஊர்க்காரர்கள் கரையேறிப் பொன்னேரிக்குப் பேருந்து பிடிக்கும்போது இந்த ஒழுங்கு எதுவும் கூட வருவதில்லை.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ரயில் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை எல்லாம் அங்கேதான். மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்குப் போக வேண்டுமானால் இன்னும் தொலைவு. இந்தத் தடத்துப் பேருந்தில் மீன் விற்கும் பெண்கள் அன்னக்கூடையோடு ஏறுகிறார்கள். தடுப்பூசிக்குப் போகும் தாய் இடுப்பில் பிள்ளையோடும் தோளில் பையோடும் ஏறுகிறார். பள்ளிப் பிள்ளைகள், கண் பரிசோதனைக்குப் போகும் முதியவர்கள், ஆலை வேலைக்குப் போகும் இளைஞர்கள் என்று எல்லோருக்கும் அதே இரண்டு வாசல், அதே நடுவழி. சக்கர நாற்காலியில் இருப்பவரை மட்டும் அந்தக் கூட்டத்தில் காண்பது அரிது. அவருக்குப் பயணத் தேவை இல்லை என்பது அதன் பொருள் அல்ல. படி உயரம், அவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார், அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணம் சேரும்வரை காத்திருக்கிறார்.

ஒரு பேருந்துக்குள் இருக்கும் சின்ன இடத்தைத் தேவை மிகுந்த இரண்டு பேர் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? இந்தக் கேள்வி இங்கிலாந்தில் உச்ச நீதிமன்றம் வரை போனது.

2012 பிப்ரவரி 24 அன்று டக் பாலி என்பவர் வெதர்பி என்ற ஊரிலிருந்து லீட்ஸ் நகருக்குப் போகப் பேருந்துக்கு வந்தார். சக்கர நாற்காலியில் பயணம் செய்பவர் அவர். நாற்காலிக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஒரு தாய் குழந்தைத் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். வண்டிக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நகரும்படி ஓட்டுநர் கேட்டுப் பார்த்தார். வண்டி மடங்காது என்று அந்தப் பெண் மறுத்தார். ஓட்டுநர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பாலி அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பேருந்து நிறுவனமான ஃபர்ஸ்ட்குரூப் மீது அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் 5,500 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2017 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் இடைப்பட்ட ஒரு முடிவுக்கு வந்தார்கள். ‘தயவுசெய்து நகருங்கள்’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு ஓட்டுநர் கையைக் கழுவிக்கொள்ளும் நடைமுறை போதாது. மறுப்பதில் நியாயம் இல்லை என்று தோன்றினால் அவர் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், சூழலைப் பொறுத்துச் சில நிமிடம் பேருந்தை நிறுத்தியும் வைக்கலாம் என்றது தீர்ப்பு. இழப்பீடு வேண்டாம் என்பது மட்டும் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் முடிவானது.

இந்த வழக்கில் தாயைக் குற்றவாளியாக்குவதும் எளிது, பாலியைப் பிடிவாதக்காரராகக் காட்டுவதும் எளிது. ஆனால் இருவரும் மோதிக்கொள்ளும் நிலையை உண்டாக்கியது ஒரே ஓர் இடம் மட்டும் வைத்துக் கட்டப்பட்ட பேருந்து. அந்த ஓர் இடமும் சும்மா வந்ததில்லை. 1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் 19 மாற்றுத்திறனாளிகள் நடுச்சாலையில் பேருந்துகளை மறித்து இரவு முழுக்க அங்கேயே இருந்தார்கள். பிரிட்டனில் போராடியவர்கள் பேருந்துகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். 2000-ஆம் ஆண்டு வந்த பிரிட்டன் விதிகள் சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 130 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் உள்ள இடத்தைக் கட்டாயமாக்கின. தளம் தாழ்ந்ததும் தள்ளுவண்டியோடு வரும் பெற்றோருக்கும் பேருந்து வசதியானது. அவர்களுக்கென்று தனி இடம் யாரும் யோசித்து வைக்காததால், மாற்றுத்திறனாளிகள் போராடிப் பெற்ற அதே இடத்தில் வந்து நின்றார்கள்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் குழந்தைத் தள்ளுவண்டியைப் பேருந்தில் ஏற்றுவோர் மிகக் குறைவு. பிள்ளை தாயின் இடுப்பில் வரும், அல்லது உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒருவரின் மடியில் வரும். இங்கே இடத்துக்கான உரசல் பெரும்பாலும் கூடையை வைத்து வருகிறது. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பப் பேருந்தில் ஏறிய முதிய பெண் ஒருவர், மேலெல்லாம் மீன் நாற்றம் என்று இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்று அவர் உரத்த குரலில் நியாயம் கேட்ட காணொளி மாநிலம் முழுக்கப் பரவியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக்காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மகளிருக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் தொடங்கி அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்திருந்தாலும் வாசலில் அவரைத் தடுத்தது இன்னொரு கணக்கு.

பக்கத்து மாநிலத்தில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை தேடினார்கள். திருவனந்தபுரம் கடற்கரையின் மீன் விற்கும் பெண்கள் 1980-களின் தொடக்கத்திலேயே தெருவில் இறங்கிப் போராடி, கூடையோடு போகத் தனிப் பேருந்துகளைப் பெற்றார்கள். 2021 ஆகஸ்டில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தன்னிடம் இருந்த தாழ்தளப் பேருந்துகள் மூன்றை மாற்றியமைத்து, ‘சமுத்ரா’ என்ற பெயரில் மீன் விற்கும் பெண்களுக்குக் கட்டணமின்றி விட்டது. ஒரு வண்டியில் 24 பேர், அவர்களுடைய மீன் பாத்திரங்களுக்குத் தனி இடம். இந்தப் பெண்களின் பெரிய கவலை இதனால் தீர்கிறது. ஆனால் தனி வண்டி போன பிறகு பொது வண்டியில் கூடைக்காரருக்கு இருக்கும் உரிமை தேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் மருத்துவமனைக்குப் போகும் அதே பெண் பொதுப் பேருந்தில்தான் ஏற வேண்டும்.

இனி படிக்கட்டின் கணக்கைப் பார்க்கலாம். நகரப் பேருந்துகளுக்கு இந்திய அரசு வகுத்த வரையறையில் தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 40 செ.மீ., அரைத்தாழ்தளம் 65 செ.மீ., சாதாரணப் பேருந்து 90 செ.மீ. கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அந்தக் கணக்கில் 90 செ.மீ. தளத்துக்கு ஏறத்தாழ 11 மீட்டர் சாய்தளம் வேண்டும். அது கிட்டத்தட்ட ஒரு பேருந்தின் நீளம். எந்தச் சாலையோரத்திலும் அதை விரிக்க முடியாது. தளம் 40 செ.மீ. ஆகி, நிறுத்தத்தின் மேடை 15 செ.மீ. உயர்ந்தால் மிஞ்சுவது 25 செ.மீ. வாசலில் மடித்து வைத்த ஒரு பலகையை விரித்து, பின்னால் ஒருவர் கைகொடுத்தால் நாற்காலி உள்ளே போய்விடும். தடியூன்றி நடக்கும் முதியவருக்கும், தலையில் பாத்திரத்தோடு வரும் பெண்ணுக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அதே தாழ்ந்த தளம் முழங்காலைக் காப்பாற்றும்.

உயர்ந்த படி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்த்தால் தெரியும். நடக்க முடியாத ஒருவரைச் சாதாரணப் பேருந்தில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேல்படியில் நின்று அக்குளுக்குக் கீழே கைகொடுத்து இழுப்பார், மற்றவர் கீழே நின்று கால்களைத் தூக்குவார். வாசல் நடுவே கம்பி இருந்தால் உடம்பைத் திருப்பித்தான் நுழைக்க வேண்டும். பின்னால் நிற்பவர்கள் நெருக்குவார்கள், முன்னால் ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார். நாற்காலியை மடித்து இருக்கைக்கு இடையில் செருகினால் வழி அடைபடும். மூத்திரப் பை பொருத்தியவர்களுக்கும் முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்கும் இந்தத் தூக்கல் வலியும் ஆபத்தும் சேர்ந்தது. பெண்ணாக இருந்தால், முன்பின் அறியாத ஆண்கள் தொட்டுத் தூக்கும் சங்கடமும் சேரும். இதை ஒருமுறை பட்டவர் மறுமுறை வரத் தயங்குவதில் வியப்பில்லை.

சட்டம் இதை ஏற்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பேருந்து நிறுத்தம் முதல் வண்டி வரை போக்குவரத்து முழுவதும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. பழைய வண்டிகளை மாற்றியமைப்பதும் அதில் அடங்கும். ஆனால் தொழில்நுட்பத்தில் சாத்தியமானால், செலவு கட்டுப்படியானால் என்ற நிபந்தனைகளும் அதே பிரிவில் இருக்கின்றன. 2015 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய அணுகல் இயக்கம், அரசுப் பேருந்துகளில் 10 விழுக்காட்டை 2018 மார்ச்சுக்குள் முழுமையாக அணுகத்தக்கதாக ஆக்குவோம் என்று இலக்கு வைத்தது. முன்னுரிமை இருக்கை, ஊன்றுகோலை மாட்ட இடம், சக்கர நாற்காலியை ஏற்றிப் பூட்டும் வசதி ஆகியவற்றை வலியுறுத்தும் மோட்டார் வாகன விதித் திருத்தம் 2020 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கும் விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்க உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டையை நீதிமன்றத்தில் நடத்தியவர்களில் முதன்மையானவர் வைஷ்ணவி ஜெயக்குமார். மனநலம் குன்றி வீடிழந்த பெண்களுக்காக 1993-இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். அரசு வாங்கும் புதிய பேருந்துகள் மாற்றுத்திறனாளிகளும் ஏறத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர் வழக்குத் தொடுத்தார். குறுகிய சாலை, மழைநீர்த் தேக்கம் போன்றவற்றை அரசு எடுத்துச் சொன்னது. வழக்கு நடந்தபோதே நிலைமை மெல்ல மாறியது. 2024 ஆகஸ்டில் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் புறப்பட்டன. வியாசர்பாடியிலிருந்து பழவேற்காடு நெடுந்தொலைவு இல்லை. ஆனாலும் ஏரிக்கரைக்காரர்களுக்கு வருவது உயரமான படிதான்.

அரசு சொன்ன காரணங்களை ஏரிக்கரையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தக் காரணங்கள் மிகப் பொருந்துவது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். புயல் மழையில் ஆரணியாறு பெருகும்போது பழவேற்காட்டுச் சாலைகளில் தண்ணீர் நிற்பது உண்மை. உப்புக்காற்று இரும்பை அரிப்பது உண்மை. உயரமான வேகத்தடையில் தாழ்ந்த வண்டியின் அடி உரசும் என்பதும் உண்மை. ஆனால் ஆண்டு முழுதும் வெள்ளம் நிற்பதில்லை. வேகத்தடையை அளவாகப் போட்டால் வண்டி உரசாது. தாழ்தள வண்டி ஓட முடியாத நாட்களுக்கும் தடங்களுக்கும் மின்தூக்கி பொருத்திய வண்டி இருக்கிறது. அது பழுதாகாமல் இருக்கப் பணிமனையில் ஆள் வேண்டும், அவ்வளவுதான். சாலை மோசம் என்பது சாலையைச் சரிசெய்யச் சொல்லும் காரணம். நடக்க முடியாதவரைப் பயணத்திலிருந்து விலக்கிவைக்க அதைக் காரணமாகக் காட்டினால், அவருக்கு இழைக்கப்பட்ட ஒரு குறையே இன்னொரு குறைக்குச் சான்றாகிவிடும்.

பாடு முறைக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதைச் சொல்லாமல் அந்த முறையை மெச்சுவது நேர்மையாகாது. சீட்டில் பெயர் இருப்பது பட்டினவர் சமூகத்து ஆண்களுக்குத்தான். பெண்களுக்குப் பாடு இல்லை. ஏரிக்கரையின் தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் இல்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். இறால் ஏற்றுமதியால் விலை ஏறியபோது சீட்டுக்கு வெளியே இருந்தவர்களும் உரிமை கேட்டார்கள், மோதல்கள் வந்தன. பாடு உரிமை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வாழ்வு எப்படி வேறுபடுகிறது என்பதைப் பழவேற்காட்டில் தங்கி ஆராய்ந்த சாரா கூல்தார்டு 2008-இல் கட்டுரையாக வெளியிட்டார். உள்ளே இருப்பவர்களுக்கிடையே எவ்வளவு நேர்மையாகப் பகிர்ந்தாலும், யாரை உள்ளே சேர்த்துக் கணக்கிட்டார்கள் என்ற கேள்வி மிஞ்சி நிற்கிறது.

பேருந்திலும் அதுவே நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. 2021-இல் அவர்களுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 2015-இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் யாரையோ புதிதாகக் கணக்கில் சேர்த்த நடவடிக்கை, பாராட்டத்தக்கது. ஆனால் ஏறவே முடியாதவருக்குக் கட்டணச் சலுகை பயன்படாது. அவர் ஏறாததால் ‘இந்தத் தடத்தில் சக்கர நாற்காலிக்காரர் யாரும் வருவதில்லை’ என்ற பதில் வருகிறது. அந்தப் பதிலை வைத்தே அடுத்த வண்டியும் உயரப் படியோடு வாங்கப்படுகிறது.

பாடு முறையிலிருந்து பேருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முன்கூட்டியே முடிவெடுக்கும் வழக்கத்தை. சுழற்சி முறை பேருந்துக்குப் பொருந்தாது. ‘நேற்று உனக்கு, இன்று எனக்கு’ என்று சக்கர நாற்காலிக்காரரிடம் சொல்ல முடியாது. அங்கே பார்க்க வேண்டியது, யாருக்கு மாற்று வழி இருக்கிறது என்பது. குழந்தையை மடியில் வைக்கலாம், அதற்கு ஓர் இருக்கை போதும். கூடையைப் பின்புறம் வைக்கலாம், அதற்கு ஓர் இடம் வேண்டும். சக்கர நாற்காலி நிற்க ஏறத்தாழ 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் உள்ள வெற்றுத் தளம் வேண்டும், அதற்குப் பதிலாக வேறெதுவும் உதவாது. எனவே ஒதுக்கிய தளம் முதலில் அவருக்கு. அவர் இல்லாத நேரத்தில் மற்றவர் நிற்கலாம், அவர் வந்ததும் நகர வேண்டும். பிள்ளையோடு வரும் தாய்க்கு இருக்கை தருவதும் அதே அளவு கட்டாயமாக வேண்டும். தாய் நிற்கும்படி விட்டுவிட்டுச் சக்கர நாற்காலிக்கு இடம் கொடுத்தால், தேவை உள்ள ஒருவரிடமிருந்து பறித்துத் தேவை உள்ள இன்னொருவருக்குக் கொடுத்ததாகும். கால் ஊன்றி நிற்கக்கூடியவர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கும் வண்டியில் அப்படி நடக்கக் கூடாது.

இடம் கேட்கும் வேலை நடத்துநருடையது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளியே கெஞ்சிக் கேட்கும்படி விட்டால், வாய்விட்டுக் கேட்கத் துணிந்தவருக்கு மட்டும் இடம் கிடைக்கும். நெரிசல் நேரத்தில் பயணச்சீட்டும் கொடுத்து, விசிலும் ஊதி, மூன்று பக்கமும் வசவு வாங்கும் நடத்துநர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது எளிது. அதனால்தான் தெளிவான விதி அவருக்கும் வேண்டும். வாசலருகே பெரிய எழுத்தில் விதி இருந்தால், அதைக் காட்டிப் பேச அவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். பலகை விரிக்க ஆகும் இரண்டு மூன்று நிமிடத்தை அட்டவணையிலேயே சேர்த்துவிட்டால், தாமதத்துக்கு அவர் மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியிராது.

பழவேற்காடு–பொன்னேரித் தடத்தில் இதைத் தொடங்கப் பெரும் பணம் தேவையில்லை. இரண்டு முனைகளிலும் மருத்துவமனை அருகிலும் 15 செ.மீ. மேடை. நாளுக்குச் சில நடை, குறித்த நேரத்தில், ஏறத்தக்க வண்டி; அந்த நேரம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நடு வாசலுக்கு எதிரே சக்கர நாற்காலியைப் பூட்டும் வெற்றுத் தளம். பின்புறம் மீன் பாத்திரங்களுக்கு விளிம்பு வைத்த தகட்டுத் தளம், நீர் வெளியே வடிய ஒரு துளை, பாத்திரம் நகராமல் ஒரு கம்பி. கூடைக்கு இடம் தனியாக இருந்தால் நாற்காலியின் இடத்தில் அது வந்து நிற்காது, நாற்றம் என்ற பேச்சும் குறையும்.

ஒரு பேருந்து வாங்கினால் பல ஆண்டுகள் ஓடும். இன்று கொள்முதல் ஆணையில் எழுதும் தள உயரம், இன்று இடுப்பில் வரும் பிள்ளை பள்ளி முடிக்கும் காலம் வரை அந்தத் தடத்தில் இருக்கலாம். அதனால் திருவள்ளூர் மாவட்டக் கடற்கரைத் தடங்களுக்கு அடுத்த வண்டிகள் முடிவாகும் முன் போக்குவரத்துக் கழகம் பொன்னேரியிலேயே ஒரு கூட்டம் கூட்ட வேண்டும். அதில் ஊர்ப் பஞ்சாயத்தார் மட்டும் உட்கார்ந்தால் போதாது. கூடை சுமக்கும் பெண்கள், கைக்குழந்தைக்காரர்கள், இருளர் குடியிருப்புப் பெண்கள், ஓட்டுநர்கள், நடத்துநர்கள், எல்லோருக்கும் முன்னால் இதுவரை பேருந்தில் ஏற முடியாமல் போனவர்கள் வர வேண்டும். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துவரும் வண்டிச் செலவைக் கழகமே ஏற்க வேண்டும்.